இடைப்படைக்குச் சொன்னது

குலேந்திரன் ஒபிசில் தமிழில் வாய் திறந்தால் யாருக்கோ திட்டு விழுகிறது என்று அர்த்தம். அங்கே தமிழ் விளங்குகிற மற்ற ஆள் மரியரஞ்சனி மட்டும்தான். ஆகவே திட்டு யாருக்கு என்று மண்டையைப் போட்டு உடைக்கத் தேவையில்லை.

அவன் திட்டுகிற விதமே தனி. குரல் உயராது, முகத்தில் சிரிப்புக் குறையாது. "உம்மடை மண்டைக்குள்ளை இருக்கிறது மூளையோ, களிமண்ணோ?" என்பதைக்கூடத் தேத்தண்ணி குடித்தாயா என்று விசாரிக்கிற தொனியில் கேட்பான். எதிர் மேசையில் இருக்கும் இங்குன் என்ற நொர்வேஜியப் பெண் தலையைச் சாய்த்துக்கொண்டு "கூஸெலி!" என்பாள். எவ்வளவு இதமாக இருக்கிறது, உங்களுக்கென்று ஒரு பாஷை இருக்கிறதே என்பது அவள் எண்ணம். மரியரஞ்சனியும் சிரித்து வைப்பாள். வேறு என்ன செய்ய? வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகிறது. தகுதிகாண் காலம் முடியவில்லை. கலியாணம் கட்டி ஒஸ்லோவுக்கு வந்து இரண்டு குளிர்காலம் போயும் நொர்வேஜிய மொழி அவள் நாக்கில் இன்னும் நொண்டிக்கொண்டுதான் இருந்தது. கூட்டங்களில் அவளோடு அந்த மொழியில் மட்டுமே பேசுவான் குலேந்திரன், அதுவும் வேகமாக. தமிழை அவன் திட்டுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தான்.

ஆக்கர்செல்வா ஆற்றோரம், பழைய நெசவாலை ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்தது அந்தச் சின்ன நிறுவனம். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. அவர்கள் செய்துகொண்டிருந்த சாமானில் குறை சொல்ல வாய் வராது. தனியே வாழுகிற வயதானவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பொத்தான். விழுந்தால் அதை அமத்த வேண்டும். வீட்டிலே செருகியிருக்கும் சின்னப் பெட்டி அதைப் பிடித்துத் தொலைபேசி வழியே அனுப்பும். இந்தப் பக்கம் கணினி அதை வாங்கி உதவி நிலையத்துக்குச் சொல்லும், ஆள் ஓடி வரும். ஒரு மனிசி குளியலறையில் விழுந்து கிடக்கிறபோது அவளுக்கும் உலகத்துக்கும் இடையில் இருக்கிற ஒரே நூல் அதுதான்.

அந்த நூலின் ஒரு துண்டை மரியரஞ்சனி எழுதினாள். பெட்டிகள் அனுப்புகிற சமிக்ஞையை வாங்கிப் பிரித்து விளங்கிக்கொள்ளும் துண்டு. வேறொருவருடைய மென்பொருளுக்குள் குடியிருந்து வேலை செய்கிற இப்படியான துண்டை லைப்ரரி என்பார்கள். அதைத் தனக்குள் வைத்து ஓடிய பெரிய மென்பொருள் குலேந்திரனுடையது. இவள் குடியிருக்கிறவள், அவன் வீட்டுக்காரன். ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்தில் இருக்கிறவனாகத்தான் அவன் நடந்துகொண்டான்.

முதல்நாளே கேட்டான், "யாழ்ப்பாணத்திலை எவடம்?"

"குருநகர்."

"ஓ. குருநகரோ" என்று சிரித்தான்.

அந்த 'ஓ'வை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. கடலுக்குப் போகிற சனத்தின் ஊர் அது. அவர்கள் பிடிக்கிற மீன் வேண்டும், அவர்கள் வீட்டுத் தண்ணீர் வேண்டாம் என்கிற பரம்பரையில் வந்தவன் குலேந்திரன். இத்தனைக்கும் அவனை ஆளாக்கியது மீன்தான். நொர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில், அவனுடைய தாய் நேசமணி பனிக்கட்டித் தண்ணீருக்குள் கை விறைக்க வருசக்கணக்காக நின்று மீனைக் கிழித்துத்தான் அவனைப் படிப்பித்தாள். மீன் மணக்கிற உடுப்போடு தாய் வீட்டுக்கு வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, கடல் ஊர்க்காரியைக் கண்டால் 'ஓ'. மனிசர் மறக்க வேண்டியதை எவ்வளவு கெட்டித்தனமாக மறக்கிறார்கள்!

முதல் பெரிய திட்டு பதிவு விஷயத்தில்தான் விழுந்தது.

ஓடுகிற மென்பொருள் எதுவும் தனக்குள் நடப்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். இது வந்தது, இது வரவில்லை, இதில் ஏதோ பிசகு என்று. அதுதான் பதிவு. கொழும்பில் வேலை செய்த பழக்கத்தில் மரியரஞ்சனி தன் லைப்ரரி சொல்வதையெல்லாம் அதுவே ஒரு கோப்பைத் திறந்து எழுதும்படி செய்திருந்தாள். குலேந்திரனின் மென்பொருள் ஒரு பக்கம் எழுத, இவளுடையது கேட்டுக் கேள்வியில்லாமல் இன்னொரு பக்கம் எழுத, ஒருநாள் சோதனைக் கணினி இடம் நிரம்பி நின்றுவிட்டது.

கூட்டத்தில் அவன் எழுந்து நின்று முதலில் நொர்வேஜிய மொழியில் அழகாக விளக்கினான். லைப்ரரிக்குக் கோப்புத் திறக்கிற உரிமை கிடையாது. சொல்வதை ஒரு இடைப்படைக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இடைப்படைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று லைப்ரரிக்குத் தெரியவே கூடாது. அது கோப்பாக இருக்கலாம், திரையாக இருக்கலாம், சொன்னது விழுந்து தொலைந்துபோகிற குழியாக, வெறும் கிடங்காகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிப்பது மென்பொருளின் சொந்தக்காரன். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு தமிழுக்கு மாறினான்.

"கலியாண வீட்டிலை சமையலுக்கு வந்தவை மைக்கைப் பிடிக்கிறேல்லை. சோறு முடிஞ்சுதோ, வீட்டுக்காரனிட்டை மெல்லமாச் சொல்லுறது. சபைக்குச் சொல்லுறதோ விடுறதோ வீட்டுக்காரன்ரை விருப்பம். உங்கடை பக்கத்திலை உதெல்லாம் பழக்கியிருக்க மாட்டினம்."

"கூஸெலி" என்றாள் இங்குன்.

மரியரஞ்சனிக்குக் காது சுட்டது. அவன் சொன்னது பிழை என்றால் இவ்வளவு எரிந்திருக்காது. சொன்னது முழுக்கச் சரி. உலகத்தில் நல்ல லைப்ரரி எழுதுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அன்றைக்கே தேடி வாசித்து அறிந்தாள். வயிற்றெரிச்சல் அதுதான். சரியான கதையை ஒரு செருப்பாக்கி அடித்தால் திருப்பி அடிக்க ஒன்றும் கிடையாது.

அவள் கெட்டிக்காரி. ஒரே கிழமையில் எல்லாவற்றையும் மாற்றினாள். இப்போது அவளுடைய லைப்ரரி இடைப்படையைத் தவிர வேறு எவருடனும் பேசாது. தன் மடிக்கணினியில் மட்டும், இடைப்படைக்குப் பின்னால், சொன்னதைச் சொன்னபடி திரையில் காட்டும் எளிய சாமான் ஒன்றை வைத்துக்கொண்டாள். லைப்ரரி ஒன்றேதான். அவள் மேசையில் அது பேசுவது திரையில் மஞ்சள் வரியாக ஓடும். குலேந்திரனின் பக்கத்தில் அது பேசுவது அவன் வைத்த இடத்துக்குப் போகும். சோதனைப் பொத்தான்களின் சமிக்ஞை இரண்டு பக்கத்துக்கும் வந்துகொண்டிருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் வாதாடிப் பார்த்தாள். பொத்தானின் பற்றறி தீரப் போகிறது என்பதைப் பதிவில் சொன்னால் போதாது, ஆள் விழுந்தால் சொல்வதுபோல உதவி நிலையத்துக்கே நேரே சொல்ல வேண்டும் என்றாள். பற்றறி செத்த பொத்தானை அமத்தி என்ன, அமத்தாமல் என்ன?

"பற்றறி எண்டது எச்சரிக்கை. எச்சரிக்கை பதிவுக்குப் போகும். நான் பாப்பன்" என்றான் குலேந்திரன். கதை முடிந்தது.

ஒஸ்லோவின் விளிம்பில், ஹொல்ம்லியாவில் மரியரஞ்சனியும் அவள் புருஷன் கிருபனும் இருந்த அடுக்குமாடியில் கீழ்த்தட்டில்தான் நேசமணி தனியே இருந்தாள். மகன் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டான், வரச்சொல்லிக் கேட்டும் இவள் போகவில்லை. மரியரஞ்சனி புதிதாக வந்த நாட்களில் கதவைத் தட்டி, "பிள்ளை, இஞ்சத்தை மீனை எங்கடை மீன்மாதிரிக் காய்ச்சாதை, கரைஞ்சு போகும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து குந்தியவள் நேசமணி. குருநகர் என்று கேட்டபோது அவள் 'ஓ' சொல்லவில்லை. "அப்ப மீன் தெரிஞ்ச ஆள். நல்லதாப் போச்சு" என்றாள். வாய் ஓயாத மனிசி. கிருபன் பஸ் ஓட்டப் போய்விட்டால் மரியரஞ்சனிக்குப் பேச்சுத்துணை அவள்தான். இந்த மனிசியின் வயிற்றில் அப்படி ஒன்று எப்படிப் பிறந்தது என்று மரியரஞ்சனி பலமுறை யோசித்திருக்கிறாள். மகன் ஒபிசில் எப்படி என்று மட்டும் சொன்னதில்லை.

பொத்தான்கள் தயாரானதும் சோதிக்க ஆள் தேவைப்பட்டது. அந்த ஒபிசில் ஒரு வழக்கம், புதுச் சாமானை முதலில் வேலைசெய்பவர்களின் தாய் தகப்பனின் கையில் கட்டிப் பார்ப்பது. சிலதைக் கொடுத்தார்கள், மிச்சம் மேசை லாச்சியில் கிடந்தது. எந்த இலக்கம் யாருடைய கையில் என்பது குலேந்திரனுக்கு மட்டும் தெரியும். நேசமணிக்கும் ஒன்று வந்தது. மகன் கட்டிவிட்டுப் போனதும் கழற்றி எறிந்துவிட்டாள்.

"மாட்டுக்குக் கட்டுற மாதிரிக் கட்டிப்போட்டுப் போறான். தான் வந்து பாக்கிறதுக்குப் பதிலா உது."

"அது நான் வேலைசெய்யிற சாமான், அன்ரி" என்றாள் மரியரஞ்சனி. "நீங்கள் அமத்தினால் முதல் என்ரை துண்டுக்குத்தான் வரும்."

நேசமணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "மெய்யே? நீ செய்ததோ? அப்ப நீதான் பாத்துக்கொண்டிருப்பாய்."

"ஓம், அன்ரி."

"பிறகென்ன, கட்டிவிடு."

மரியரஞ்சனி கட்டிவிட்டாள். பின்பக்கத்தில் இலக்கம் ஒட்டியிருந்தது. அன்றைக்கு அதைப் பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை.

அதற்குப் பிறகுதான் கொம்மூனவில் இருந்து, அதாவது நகராட்சியில் இருந்து, சாமானை வாங்குகிற ஆட்கள் பார்க்க வந்தார்கள். குலேந்திரன் பெரிய திரையில் எல்லாவற்றையும் ஓடவிட்டான். நடுவிலே மஞ்சள் வரிகள் பொலபொலவென்று கொட்டத் தொடங்கின. லாச்சியில் கிடந்த பொத்தான்கள் எல்லாம் பற்றறி பற்றறி என்று மரியரஞ்சனியின் லைப்ரரி வழியாக அழுதன. அந்தத் தொகுதிப் பற்றறிகளே சரியில்லை, நினைத்ததைவிட வேகமாகச் செத்துக்கொண்டிருந்தன. அது அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை. கொம்மூன அம்மாள் ஒருத்தி கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "இந்த மஞ்சளெல்லாம் என்ன?" என்று கேட்டாள். குலேந்திரன் சிரித்துச் சமாளித்தான். அவர்கள் போனதும் அமைப்புக் கோப்பைத் திறந்து ஒரு வரி எழுதினான். மரியரஞ்சனியின் லைப்ரரி இடைப்படைக்கு என்ன சொன்னாலும் அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. வெறும் கிடங்கு.

அந்த வரியை மரியரஞ்சனி அடுத்த நாள் கண்டாள். எல்லாரும் எழுதுகிற நிரல் ஒரே இடத்தில்தான் இருந்தது, மறைக்க அவனும் முயலவில்லை. அவள் எழுந்து அவன் மேசைக்குப் போனாள்.

"அண்ணை, நீங்கள் என்ரை எச்சரிக்கை எல்லாத்தையும் நிப்பாட்டிப் போட்டீங்கள். பற்றறி…"

அவன் கதிரையைத் திருப்பினான். சுற்றி எல்லாரும் இருந்தார்கள். முதலில் நொர்வேஜிய மொழியில், எல்லாருக்கும் கேட்கும்படி, நிதானமாக ஆரம்பித்தான். லைப்ரரி எழுதுகிறவருக்கு மென்பொருளின் அமைப்பில் தலையிட வேலையில்லை, இதைப் போன மாதமே கதைத்தோம் என்று. பிறகு சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"உமக்கு இன்னும் மைக்கிலைதான் ஆசை போலை. உம்மடை வேலை இடைப்படைக்குச் சொல்லுறது. கேக்கிறதோ குப்பையிலை போடுறதோ என்ரை வேலை. இனி வந்து என்ரை காதுக்குள்ளை ஒண்டும் ஓதவேண்டாம். விளங்கிச்சுதோ? குசினியிலை நில்லும்."

அதோடு விட்டானா? அந்தக் கிழமை நிறுவனத்தின் தலைவர் தூர்கெய்ர் அவளைக் கூப்பிட்டு, ஆள் மெத்தச் சங்கடப்பட்டுக்கொண்டு, குலேந்திரனின் மதிப்பீட்டை வாசித்துக் காட்டினார். திறமை உண்டு, தன் எல்லை எது என்று தெரியவில்லை. தகுதிகாண் காலம் முடிந்தபின் வைத்துக்கொள்வதா என்று யோசிக்க வேண்டும்.

அன்றைக்கு ரயிலில் ஹொல்ம்லியா வரும்வரை மரியரஞ்சனி அழவில்லை. அழுதிருந்தால் நல்லது, கொஞ்சம் கரைந்து போயிருக்கும். அவள் வேறொன்று செய்தாள். சரி என்று நினைத்தாள். எல்லை எனக்குத் தெரியும். இனி இடைப்படைக்கு மட்டும்தான் சொல்வேன், ஒரு மூச்சுக்கூட வெளியே விடமாட்டேன். ஒருநாள் இவனுடைய சாமான் கொம்மூன ஆட்களின் முன்னால் நாறும். அன்றைக்கு எல்லாரும் தேடுவார்கள். என்னுடைய லைப்ரரி சொன்னது என்பேன், ஆதாரத்தைத் திரையில் காட்டுவேன். அந்த நினைப்பு கற்கண்டாக இனித்தது. பகை வைத்திருக்கிறவர்களுக்கு அந்த இனிப்புத் தெரியும். சோறு தண்ணி வேண்டியிருக்காது.

சில நாள் கழித்து அவளுடைய திரையில் ஒரு மஞ்சள் வரி வந்தது. ஏழாம் இலக்கப் பொத்தான், பற்றறி குறைகிறது.

லாச்சியில் கிடந்தவை முன்பே செத்து ஓய்ந்துவிட்டன. ஆகவே இது யாருடையவோ கையில் இருக்கிற பொத்தான். அவளுக்கு அது உடனேயே விளங்கியது. விளங்கியதும் மறுபக்கம் ஒரு குரல் வந்தது: ஏன், லாச்சியின் மூலையில் ஒன்று தப்பிக் கிடந்திருக்கலாமே? அந்தக் குரலை அவள் நம்பினாள். நம்புவதுதான் வசதி.

அடுத்த நாளும் வந்தது. ஏழு, பற்றறி மிகக் குறைவு. இங்குனிடம் சொல்லியிருக்கலாம். தூர்கெய்ரின் கதவு எப்போதும் திறந்துதான் கிடக்கும், அங்கே போய் நொண்டி மொழியிலாவது சொல்லியிருக்கலாம். குலேந்திரனிடமே இரண்டு சொல், ஏழாம் இலக்கம் என்று, சொல்லியிருக்கலாம். அவள் என்ன செய்தாள் தெரியுமா? தன் லைப்ரரியைத் திறந்து அந்த எச்சரிக்கையைப் பிழைச் செய்தியாக உயர்த்தினாள். வசனத்தையும் திருத்தி, 'இந்தப் பொத்தானை அமத்தினால் இனி உதவி வராது' என்று வெளிப்படையாக எழுதினாள். மஞ்சள் வரி சிவப்பாகியது. இதைவிடத் தெளிவாக ஒரு லைப்ரரி சொல்ல முடியாது. குலேந்திரனின் பக்கத்தில் அது வெறும் கிடங்குக்குள் விழுந்தது. அவள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ரயிலில் நேசமணி அவளுக்குப் பக்கத்தில் வந்து பொத்தென்று இருந்தாள். ஒஸ்லோவின் கிறன்லாண்ட் பகுதியில் தமிழ்க்கடைக்குப் போய் வருகிறாள், பை நிறைய முருங்கைக்காய். இருந்ததும் இருக்காததுமாகக் கோட்டுக் கையை உயர்த்தி மணிக்கட்டை நீட்டினாள்.

"பார், கழட்டேல்லை. குளிக்கேக்கையும் கட்டிக்கொண்டுதான் போறன். நீ சொன்னபடியாத்தான்."

சாம்பல் நிறப் பொத்தான், ரப்பர் பட்டி. இலக்கம் பின்பக்கத்தில், தோலோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினால் தெரிந்துவிடும். மரியரஞ்சனியின் கை எழும்பியது. எழும்பிய கை அப்படியே நின்றது.

ஏழாக இருந்தால்? அப்படியென்றால் திங்கட்கிழமை அவன் மேசைக்குப் போக வேண்டும். இல்லை, இப்போதே தொலைபேசி எடுத்து, அண்ணை என்று சொல்லி, அந்தச் சிரிப்பைக் காதால் கேட்க வேண்டும். கடைசியில் அவன் தப்பிவிடுவான். ஒன்றும் நாறாது. எல்லை தெரியாதவள் என்ற பெயரோடு அவள் வெளியே போவாள்.

அவள் அந்தக் கையால் நேசமணியின் கோட்டுக் கையை இழுத்துச் சரிசெய்துவிட்டாள். "குளிருது அன்ரி, கையை மூடிக்கொள்ளுங்கோ" என்றாள்.

"முருங்கைக்காய் கொஞ்சம் கொண்டு போ" என்று நேசமணி பையைத் திறந்தாள்.

சனி ஞாயிறு கிருபனுக்கு ஓய்வு. இருவரும் பேர்கனில் கிருபனின் தமக்கை வீட்டுக்குப் போனார்கள். திங்கள் காலை மரியரஞ்சனி ஒஸ்லோ மத்திய நிலையத்தில் இறங்கி நேரே வேலைக்கு வந்தாள். ஹொல்ம்லியாவில் என்ன நடந்தது என்று அவள் காதுக்கு ஒன்றும் வரவில்லை.

மதியம்போல குலேந்திரன் வந்தான். கோட்டைக் கழற்றவில்லை, சவரம் செய்யவில்லை. யாரையும் பார்க்காமல் நேரே கூட்ட அறைக்குள் போய், எல்லாரையும் வரச்சொல்லி, பையிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து மேசையில் போட்டான். பின்பக்கம் மேலே தெரிய விழுந்தது. ஏழு.

"சோதனைப் பாவனையாளர் ஒருவர் சனிக்கிழமை குளியலறையில் விழுந்திருக்கிறார்" என்றான் நொர்வேஜிய மொழியில். "இன்று காலையில்தான் கண்டெடுத்தார்கள். தான் முந்தநாள் கதவுப் பிடியில் கொழுவிவிட்ட பை அப்படியே தொங்குகிறதே என்று பக்கத்து வீட்டுப் பெண் சந்தேகப்பட்டதால். இடுப்பெலும்பு முறிந்து, ஈர நிலத்தில், இரண்டு இரவு. பொத்தானை அமத்தியிருக்கிறார். பெருவிரல் நகம் கறுத்துப்போகும்வரை அமத்தியிருக்கிறார். ஒன்றும் வரவில்லை." அவன் மரியரஞ்சனியைக் காட்டினான். "அவளுடைய லைப்ரரி ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. பதிவு முழுக்கத் தேடிவிட்டேன். ஒரு வரி இல்லை."

இங்குன் வாயைப் பொத்திக்கொண்டாள். தூர்கெய்ர் மரியரஞ்சனியைப் பார்த்தார்.

மரியரஞ்சனிக்கு அந்த நேரத்தில் இரக்கம் வரவில்லை. மறைக்க என்ன இருக்கிறது, வந்தது சந்தோசம். இத்தனை நாள் காத்திருந்த நேரம் நினைத்ததைவிடப் பெரிதாக வந்து வாசலில் நிற்கிறது. அவள் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து எல்லாரும் பார்க்கத் திருப்பி வைத்தாள். மஞ்சள் வரிகள், பிறகு சிவப்பு வரிகள், ஒன்றன் கீழ் ஒன்றாக. ஏழு, ஏழு, ஏழு. பிறகு குலேந்திரன் எழுதிய அந்த ஒற்றை வரியையும் திறந்து காட்டினாள். பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவளுடைய நொர்வேஜிய மொழி நொண்டியது யாருக்கும் தெரியவில்லை. தூர்கெய்ர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "குலேந்திரன், இதை நீதான் அணைத்தாயா?" என்று கேட்டார்.

தானே எழுதி மறந்த அந்த வரியைக் குலேந்திரன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். முதல்தடவையாகச் சிரிப்பில்லாத தமிழ்.

"உமக்குத் தெரிஞ்சிருக்குது. இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறீர். ஏன் எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை?"

இந்தமுறை சிரித்தது அவள். மெல்ல, இதமாக, தேத்தண்ணி குடித்தீர்களா என்று கேட்கிற முகத்தோடு.

"சமையலுக்கு வந்தவை மைக்கைப் பிடிக்கிறேல்லை, அண்ணை."

அவள் ஏதோ ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்த இங்குன் கண்கலங்கி, அவள் தோளில் கை வைத்துத் தடவினாள்.

குலேந்திரன் மேசையில் கிடந்த பொத்தானை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டான். எல்லாருக்கும் பொதுவாக, நொர்வேஜிய மொழியில், மெதுவாகச் சொன்னான்: "அது என்னுடைய அம்மா."

சிரிப்பு மரியரஞ்சனியின் முகத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றது. அதைக் கழற்ற அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் அவளுக்கு நல்லதாகவே நடந்தது. அதைப்போலக் கொடுமை வேறில்லை. அவளுடைய லைப்ரரி மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்தது என்று தூர்கெய்ர் எழுதிவைத்தார். வேலை நிரந்தரமானது. பற்றறி எச்சரிக்கை இனி நேரே உதவி நிலையத்துக்குப் போகும், அவள் முதலில் கேட்டது போலவே. குலேந்திரன் சுகவீன விடுப்பில் போனான், அவனுடைய பகுதியையும் அவளே பார்க்கும்படி ஆயிற்று. ஏன் வாயால் சொல்லவில்லை என்று நொர்வேஜியர் ஒருவரும் கேட்கவில்லை. மொழி தெரியாத பிள்ளை, பயந்திருப்பாள் என்று அவர்களே காரணமும் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். அதை அவள் மறுக்கவுமில்லை.

நேசமணி ஆள் விட்டு அனுப்பினாள், ரஞ்சனியை வரச்சொல்லு என்று. போகாமல் இருக்க வழி தேடிப் பார்த்துக் கடைசியில் போனாள். ஆஸ்பத்திரி அறையில் கட்டிலுக்கு ஒரு பக்கத்தில் குலேந்திரன் இருந்தான். இவளைக் கண்டதும் எழும்பவில்லை. தாயிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை என்பது அந்த மனிசியின் முகத்தைப் பார்த்தவுடனேயே விளங்கியது. எப்படிச் சொல்வான்? மரியரஞ்சனியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அவனுடைய ஒற்றை வரியில்தான் வந்து முடியும். அவளும் அப்படித்தான், அவனைப் பற்றிச் சொன்னால் சிவப்பு வரிகளில் வந்து நிற்கும்.

"வா பிள்ளை. இவன் இருக்கிறான், நீயும் வந்தாய். ஒரே இடத்திலை வேலைசெய்யிற பிள்ளையள், ஒற்றுமையா இருக்க வேணும்" என்றாள் நேசமணி. ஆள் பாதியாகக் கரைந்திருந்தாள். இனி நடக்க மாட்டாள் என்று கிருபன் சொல்லியிருந்தான். ஹொல்ம்லியா வீட்டுக்கும் இனிப் போக மாட்டாள், தமிழ் ஒரு சொல்லும் கேட்காத பராமரிப்பு இல்லம் ஒன்றில் இடம் பார்த்தாயிற்று.

மரியரஞ்சனி கதிரையில் இருந்தாள். நேசமணி கையை நீட்டி அவளுடைய கையைப் பிடித்தாள். பெருவிரல் நகம் கறுத்து, பாதி கழன்று கிடந்தது.

"நான் அமத்தினது உனக்கு வந்ததோ, பிள்ளை?"

"வரேல்லை, அன்ரி. பற்றறி முடிஞ்சு போச்சுது."

"முடியப் போகுதெண்டு உந்தச் சாமான் முதலே சொல்லாதோ?"

கட்டிலின் இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர் நிலத்தைப் பார்த்தார்கள். குழாய்க்குள் மருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லும், அன்ரி" என்றாள் மரியரஞ்சனி.

"ஆருக்குச் சொல்லும்?"

நேசமணி இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, பாவம், பிள்ளைகளைச் சங்கடப்படுத்திவிட்டேனே என்று நினைத்தாள் போலும். பிடித்த கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"சரி விடு, நீங்கள் என்ன செய்வியள், மெசின்தானே. பிழை என்னிலைதான். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அங்காலை நடக்கிறது கேட்டுது பிள்ளை, ரேடியோப் பாட்டும் கேட்டுது. ஒருக்காக் கத்தியிருந்தா ஓடி வந்திருப்பாள். பிறகு யோசிச்சன், ஏன் ஊரைக் கூட்டுவான், ரஞ்சனி பாத்துக்கொண்டுதானே இருப்பாள் எண்டு. அதாலை வாயை மூடிக்கொண்டு அமத்திக்கொண்டே கிடந்தனான். பேந்து கத்துவமெண்டு பாத்தா, தொண்டை விறைச்சுப் போச்சுது."